வானத்துக்கு ஒரு கூலிங்கிளாஸ்!

போன வாரம் ஹிஸ்டோகிராம் பத்திப் பேசினோம். கேமராவின் பின்பக்கம் மலை மாதிரி தெரியற அந்த கிராஃப், வலது ஓரத்துல போய் முட்டிக்கிட்டு நின்னா வெளிச்சம் வழிஞ்சு போச்சுன்னு அர்த்தம். 'சரி, வழிஞ்சிடுச்சு. இப்ப என்ன பண்றது?' என்பதுதான் இந்த வார மேட்டர்.

கன்னியாகுமரிக்கு டூர் போகாத காலேஜ் உண்டா? விடியறதுக்கு முன்னாடியே எல்லாரையும் தட்டி எழுப்பி, தூக்கக் கலக்கத்தோட கடற்கரையில் நிறுத்துவாங்க. சூரியன் தலைகாட்டினதும் எல்லா கேமராவும் கிளிக்... கிளிக். ரூமுக்கு வந்து பார்த்தா, அத்தனை படமும் ரெண்டே ஜாதிதான். முதல் ஜாதி: வானம் தகதகன்னு இருக்கும், கீழே பாறையும் படகும் கரித்துண்டு. ரெண்டாவது ஜாதி: பாறையும் படகும் பளிச்னு தெரியும், வானம் வெறும் வெள்ளைக் காகிதம்.

இதுல உங்க தப்பு எதுவும் இல்லை. நம்ம கண்ணு கில்லாடி. வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரி, பாறையைப் பார்க்கும்போது வேற மாதிரி, நொடியில் தன்னை மாத்திக்கும். கேமரா பாவம், மொத்தக் காட்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு எக்ஸ்போஷர்தான் அதுக்கு. வானத்துக்கு சரியா வெச்சா தரை காலி. தரைக்கு சரியா வெச்சா வானம் காலி.

அப்ப வானத்துக்கு மட்டும் ஒரு கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டா? அதுதான் கிராஜுவேட்டட் ஃபில்டர். செல்லமா 'கிராட்'. மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி தெளிவு. லென்ஸ் முன்னாடி மாட்டி, கறுப்புப் பாதியை வானத்துக்கு நேரா இறக்கணும். வானத்தோட வெளிச்சம் மட்டும் குறையும், தரை அப்படியே இருக்கும். மேட்டர் சிம்பிள். ஆனா கடைக்குப் போனா ஹார்டு, சாஃப்ட், 0.6, 0.9, 84, 100-னு தலை சுத்தும். டியூஷன் எடுத்தும் டீ செலவைக் குறைச்சும் சேர்த்த காசு, தப்பான டப்பாவுக்குப் போயிடக் கூடாது இல்லையா? அதுக்காகத்தான் இந்த வாரம்.

முதல்ல, இது உங்களுக்கு வேணுமா?

ஃபிலிம் காலத்தில் இது ஆடம்பரம் இல்லை, அவசியம். ஸ்லைடு ஃபிலிம் தாங்கற வெளிச்ச வித்தியாசம் சுமார் 5 ஸ்டாப்தான். ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகறது, அல்லது பாதியாகறது. அமெரிக்காவில் கேலன் ரோவல்னு ஒரு மலையேறி. சின்ன கார் மெக்கானிக் ஷாப் வெச்சிருந்தவர், 1972-ல் அதை வித்துட்டு முழுநேர போட்டோகிராஃபர் ஆனார். மலைகளில் விடியலையும் அந்தியையும் தேடித்தேடி எடுத்தவர். சிங்-ரே கம்பெனியோட சேர்ந்து அவர் வடிவமைச்ச கிராட் ஃபில்டர்கள் அவர் பேர்லயே விற்பனைக்கு வந்துச்சு. 2002-ல் விமான விபத்தில் இறந்துட்டார். ஆனா அந்த ஃபில்டர்கள் உலகம் முழுக்க நிலக்காட்சி எடுக்கறவங்க பைக்குள்ள போயிடுச்சு.

இப்ப காலம் மாறிடுச்சு. புது சென்சார்கள் ஃபிலிமைவிட ரொம்ப அதிக வித்தியாசத்தைத் தாங்கும். 'ரா' ஃபைலா எடுத்து, வானம் வழியாம பார்த்துக்கிட்டா, இருண்ட தரையை கம்ப்யூட்டரில் தூக்கிவிடலாம். 2008-ல் வந்த லைட்ரூம் 2-லயே மென்பொருள் கிராட் வந்தாச்சு. செல்போன் இன்னும் மேல. நீங்க ஒரு தடவை அமுக்கினா அது பல படம் எடுத்து, தானே ஒட்டித் தந்திடும்.

அப்புறம் எதுக்குக் கண்ணாடி? மூணு காரணம். ஒண்ணு, வழிஞ்சு போன வானத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. அங்கே தகவலே இல்லை. ரெண்டு, இருட்டை ரொம்பத் தூக்கினா புள்ளி புள்ளியா நாய்ஸ் வந்து நிக்கும். பழைய கேமராவில் இது இன்னும் மோசம். மூணு, ரெண்டு மூணு படம் எடுத்து ஒட்டலாம்னா அலையும் தென்னங்கீற்றும் படகும் நமக்காக நிக்காது. ஒட்டின இடத்துல பேய் மாதிரி ரெட்டை உருவம் தெரியும்.

ஆக, நீங்க அதிகாலை, அந்தி, கடல், மேகம்னு அலையற பார்ட்டியா? கிராட் உங்களுக்குத்தான். காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஃப்ரெண்ட்ஸ் முகம், தெருக் காட்சி, இதுதான் உங்க ஏரியாவா? காசைப் பத்திரமா வைங்க. அடுத்த பகுதியைச் சும்மா ஜாலிக்குப் படிங்க.

எவ்வளவு கறுப்பு?

ஃபில்டர் மேல 0.3, 0.6, 0.9-னு எழுதியிருக்கும். பயப்படாதீங்க. 0.3-க்கு ஒரு ஸ்டாப். அப்ப 0.6 ரெண்டு ஸ்டாப், 0.9 மூணு ஸ்டாப். சில கம்பெனிகள் இதையே என்.டி.2, என்.டி.4, என்.டி.8-னு போடுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

எது வேணும்னு கேமராவையே கேளுங்க. மேனுவல் மோடுல வெச்சு, தரையை மட்டும் பார்த்து அளவெடுங்க. ஷட்டர் ஸ்பீடு 1/15-னு வருதுன்னு வைங்க. அப்பர்ச்சரை மாத்தாம வானத்தைப் பார்த்து அளவெடுங்க. சூரியனை நேரா பார்க்காதீங்க, பக்கத்து வானம் போதும். 1/250-னு வருது. இப்ப விரல்விட்டு எண்ணுங்க: 30, 60, 125, 250. நாலு ஸ்டாப் வித்தியாசம்.

உடனே நாலையும் அடிச்சிடக் கூடாது. வானம்னா தரையைவிடக் கொஞ்சம் பிரகாசமாத்தான் இருக்கணும். ரெண்டும் சமமா இருந்தா நாடக செட் மாதிரி பொய்யாத் தெரியும். ஒரு ஸ்டாப்பை விட்டுவைங்க. மூணு ஸ்டாப் ஃபில்டர் போதும். தண்ணியில பிம்பம் விழற காட்சின்னா இன்னும் கவனம். தண்ணியில தெரியற வானம், நிஜ வானத்தைவிட எப்பவும் கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும். படத்துல அது தலைகீழா வந்தா, காரணம் தெரியாட்டியும் 'என்னமோ இடிக்குதே'னு பார்க்கிறவன் கண்டுபிடிச்சிடுவான்.

முதல் ஃபில்டர் ஒண்ணே ஒண்ணுன்னா என் ஓட்டு 0.6-க்கு. நாலு ஸ்டாப் வித்தியாசத்துல ரெண்டை இது குறைச்சிடும். மிச்சம் ரெண்டை 'ரா' ஃபைல் சமாளிச்சுக்கும். லேசான மேகமூட்ட நாளிலும் உதவும். 0.9 ரெண்டாவதா வரட்டும். 0.3-ஐ இன்னிக்குக் கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கலாம், காசு தண்டம்.

ஹார்டா, சாஃப்டா?

கறுப்பு எங்கே முடியுது, தெளிவு எங்கே ஆரம்பிக்குதுங்கறதுதான் இங்கே கேள்வி. கத்தியால வெட்டின மாதிரி சட்டுனு மாறினா ஹார்டு. மெதுவா கரைஞ்சு போனா சாஃப்ட். இதுக்கு விடை கடையில இல்லை. நீங்க எடுக்கற தொடுவானத்துல இருக்கு.

மெரினாவில் நின்னு கடலை மட்டும் எடுக்கறீங்க. தொடுவானம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. இங்கே ஹார்டு ஜம்முனு உக்காரும். அதே ஹார்டு ஃபில்டரோட கன்னியாகுமரி போங்க. அங்கே தொடுவானத்தைக் கிழிச்சுக்கிட்டு 133 அடி திருவள்ளுவர் நிக்கறார். கறுப்புப் பாதி வானத்தை மட்டுமா இருட்டாக்கும்? அய்யன் தலையிலிருந்து இடுப்புவரை சேர்த்து இருட்டாக்கும். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளிச்சம்! மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கோபுரம், தனுஷ்கோடியில் 1964 புயல் மிச்சம் வெச்ச சர்ச் சுவர், பிச்சாவரம் அலையாத்திக் காடு... எல்லாத்துக்கும் இதே கதைதான். அங்கெல்லாம் சாஃப்ட்.

வால்பாறை, மேகமலைப் பக்கம் தேயிலைச் சரிவுன்னா தொடுவானமே சாய்ஞ்சு கிடக்கும். ஃபில்டரையும் அதே சாய்வுக்குத் திருப்பிக்கணும்.

இன்னொரு வகை இருக்கு, ரிவர்ஸ் கிராட். நடுக்கோட்டில்தான் அதிகக் கறுப்பு, மேலே போகப்போகக் குறையும். சூரியன் தொடுவானத்தை ஒட்டி நிக்கும்போது வெளிச்சம் அங்கேதான் அதிகம். அந்தச் சில நிமிஷத்துக்கு இது ராஜா. வங்கக் கடலில் சூரியோதயம் எடுக்கறவங்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனா சூரியன் மேலே ஏறினதும் இதுக்கு வேலை குறைஞ்சிடும். முதல் ஃபில்டரா வாங்காதீங்க.

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கு. சாஃப்ட் ஃபில்டரின் கரையற பகுதி அகலமானது. 100 மி.மீ. ஃபில்டரை 52 மி.மீ. கிட் லென்ஸ் முன்னாடி வெச்சா, லென்ஸுக்குத் தெரியறது அந்தக் கரையற பகுதியின் நடு மட்டும்தான். 'ஃபில்டர் போட்டும் ஒண்ணும் ஆகலையே'னு தோணும். டெலிபோட்டோ லென்ஸிலும் இதேதான். ஹார்டு, சாஃப்ட் ரெண்டுக்கும் நடுவில் மீடியம்னு ஒண்ணு பல கம்பெனிகள் போடறாங்க. சின்ன லென்ஸ், பெரிய ஃபில்டர் கூட்டணிக்கு அது நல்ல சமரசம்.

வட்டமா, சட்டமா?

லென்ஸில் நேரா திருகி மாட்டற வட்ட கிராட் கிடைக்கும். விலை குறைவு, கையடக்கம். ஆனா கோடு எப்பவும் நட்டநடுவில். அப்ப உங்க எல்லாப் படத்துலயும் தொடுவானம் நடுவுலதான் இருக்கணும்! வானம் மூணில் ஒரு பங்கு, தரை ரெண்டு பங்குன்னு வைக்க நினைச்சா முடியாது. திருப்பலாம், ஏத்தி இறக்க முடியாது. அதனால வட்டம் வேண்டாம்.

சட்ட வகையில் மூணு பாகம். லென்ஸில் திருகற அடாப்டர் ரிங். அதில் மாட்டற ஹோல்டர். ஹோல்டரின் காடிக்குள் சொருகற செவ்வக ஃபில்டர். ஏத்தலாம், இறக்கலாம், சாய்க்கலாம். 1978-ல் பிரான்ஸைச் சேர்ந்த ழான் கோகன் என்ற போட்டோகிராஃபர் கோகின் என்ற பேரில் இந்த மாதிரி ஒரு செட்டைக் கொண்டுவந்தார். பிறகு லீ, நிசி, ஹைடா, கேஸ்னு பல பேர் களத்தில்.

இதுல முதல்ல முடிவு பண்ண வேண்டியது பிராண்ட் இல்லை, சைஸ். ஏன்னா இந்த முடிவு உங்க கூடவே பல வருஷம் வரும்.

75 மி.மீ.: சின்ன மிரர்லெஸ் கேமரா, சின்ன லென்ஸ்னு முடிவே பண்ணிட்டவங்களுக்கு.

84 மி.மீ.: கோகின் 'பி' சைஸ். கிட் லென்ஸுக்குத் தாராளம், விலையும் குறைவு. ஆனா நாளைக்கு 10 மி.மீ. வைடு லென்ஸ் வாங்கினா படத்தின் மூலையில் ஹோல்டரே எட்டிப் பார்க்கும்.

100 மி.மீ.: ரொம்பப் புழக்கத்தில் இருக்கறது இதுதான். பல பிராண்டு ஃபில்டர்கள் 2 மி.மீ. தடிமன் என்பதால ஒண்ணோட ஹோல்டரில் இன்னொண்ணோட ஃபில்டர் பெரும்பாலும் உக்காரும். பழசை வாங்கவும் விக்கவும் சுலபம்.

150 மி.மீ.: முன்பக்கம் முட்டை மாதிரி உருண்டு நிக்கற பெரிய வைடு லென்ஸ்களுக்கு. இப்போதைக்கு மறந்திடுங்க.

லென்ஸ் முன்பக்கம் வட்டத்துக்குள்ள ஒரு கோடு போட்ட குறியும் ஒரு நம்பரும் இருக்கும் பாருங்க. கேனன் 18-55 கிட் லென்ஸ்னா 58. கேனன் 10-18-க்கு 67. டோக்கினா 11-16-க்கு 77. ஒவ்வொண்ணுக்கும் தனி அடாப்டர் ரிங் வாங்கத் தேவையில்லை. 77-க்கு ஒண்ணு வாங்கி, மத்த லென்ஸுக்கு விலை குறைவான ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கலாம். ரொம்ப வைடா போகும்போது மட்டும் மூலை இருட்டாகுதான்னு பார்த்துக்கோங்க.

பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

மலிவு செட்கள் பிளாஸ்டிக். நல்ல ஃபில்டர்கள் ரெசின் அல்லது கண்ணாடி. ரெசின் லேசு, கீழே விழுந்தா பெரும்பாலும் பிழைச்சுக்கும், ஆனா சீக்கிரம் கீறல் விழும். கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் கீறாது, விழுந்தா அவ்வளவுதான். பாறை பாறையாத் தாவற பார்ட்டிக்கு ரெசின். பொறுப்பான பிள்ளைக்குக் கண்ணாடி.

பொருளைவிட முக்கியம், நிறம். கறுப்புப் பாதி நிஜமாவே சாம்பல் நிறமா இருக்கணும். மலிவு செட் பலதில் லேசா ஊதா, ரோஸ் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. படத்துல வானம் முழுக்க பஞ்சு மிட்டாய் கலர்ல வந்து நிக்கும். ரெண்டு ஃபில்டரை ஒண்ணாப் போட்டா கேட்கவே வேண்டாம்.

கடையிலேயே டெஸ்ட் பண்ணலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கிட்டு வெளிச்சமான வாசலுக்கு வாங்க. கேமராவில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து டேலைட்டுக்கு மாத்துங்க. ஃபில்டரைக் கையால் லென்ஸ் முன்னாடி பாதி மறைச்ச மாதிரி பிடிச்சு தாளைப் படம் எடுங்க. கறுப்புப் பக்கம் சாம்பல்னா ஓ.கே. ரோஸ்னா, 'அப்புறம் வர்றேண்ணா'னு சிரிச்சுக்கிட்டே கிளம்பிடுங்க.

அஞ்சாறு ஃபில்டர், ஹோல்டர், ஒரு கொத்து ரிங் எல்லாம் ஒரே டப்பாவில் வர்ற மலிவு செட்டைப் பார்த்தா கை பரபரக்கும். அதுல ஆரஞ்சு கிராட், நீல கிராட்னு கலர் கலரா இருக்கும். ரெண்டு தடவை விளையாடிட்டு மூலையில் போட்டுடுவீங்க. அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஒரே ஒரு நல்ல 0.6 வாங்கினா படிப்பு முடிஞ்ச பிறகும் கூட வரும்.

ஸ்பாட்ல என்ன பண்ணணும்?

முதல்ல ஃபோகஸ், அப்புறம் ஃபில்டர். பழைய கிட் லென்ஸ் சிலதில் ஃபோகஸ் பண்ணும்போது முன்பக்கமே சுத்தும். நீங்க அழகா நேராக்கி வெச்ச கோடு சாய்ஞ்சிடும். ஃபோகஸ் பண்ணி, மேனுவல் ஃபோகஸுக்கு மாத்திட்டு, பிறகு மாட்டுங்க.

எக்ஸ்போஷரும் மேனுவலில். தரைக்கு எடுத்த அளவை வெச்சுட்டு ஃபில்டரை இறக்குங்க. ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே மெதுவா ஏத்தி இறக்கினா கோடு நகர்றது தெரியும். அப்பர்ச்சர் எஃப் 16-ன்னா கோடு கூர்மையாகும், எஃப் 5.6-ன்னா மங்கும். அதனால டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டன் இருந்தா அமுக்கிக்கிட்டே சரிபாருங்க.

கடற்கரையில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைப் பாருங்க. உப்புத் தூறல் படிஞ்சிருக்கும். மணல் ஒட்டியிருக்கும்போது துணியால தேய்ச்சா கீறல் நிச்சயம். முதல்ல ஊதித் தள்ளிட்டு, பிறகு துடைங்க.

காசே இல்லையா? ஒரு கறுப்பு அட்டை போதும்!

ட்ரைபாட் இருக்கா? ஷட்டர் ஸ்பீடு சில விநாடி வர்ற அளவுக்கு வெளிச்சம் கம்மியா? அப்ப ஸ்டேஷனரி கடையில் ஒரு கறுப்பு சார்ட் அட்டை வாங்குங்க. தரைக்கு 4 விநாடி தேவைன்னு வைங்க. ஷட்டர் திறந்ததும் அட்டையால் லென்ஸின் மேல் பகுதியை, அதாவது வானம் தெரியற பகுதியை மறைச்சு, மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே 3 விநாடி வைங்க. கடைசி 1 விநாடிக்கு எடுத்திடுங்க. தரைக்கு 4 விநாடி வெளிச்சம், வானத்துக்கு 1 விநாடி. கணக்குப் போடுங்க: ரெண்டு ஸ்டாப். அதே 0.6! ஆட்டாம வெச்சா கோடு தெரியும். பத்து படம் கெடும், பதினொண்ணாவது கிடைக்கும். அந்தப் பத்துல, உங்களுக்கு எவ்வளவு கறுப்பு எந்த இடத்துல வேணும்னு கையே கத்துக்கும்.

கொஞ்சம் காசு இருக்கா? நல்ல 100 மி.மீ. ஃபில்டர் மட்டும் வாங்கி, ட்ரைபாடில் கேமராவை வெச்சு, ஃபில்டரை ஓரத்தில் பிடிச்சு லென்ஸை ஒட்டிக் காட்டுங்க. ஹோல்டர் அடுத்த செமஸ்டரில் வரட்டும்.

காலேஜ் போட்டோகிராஃபி கிளப்பில் இருக்கீங்களா? நாலு பேர் கூட்டு சேருங்க. எல்லாரும் 100 மி.மீ.-ன்னு ஒரே சைஸை முடிவு பண்ணுங்க. ஒருத்தர் ஹோல்டர், ஒருத்தர் 0.6 சாஃப்ட், ஒருத்தர் 0.9 சாஃப்ட், ஒருத்தர் 0.9 ஹார்டு. அவங்கவங்க லென்ஸுக்கான ரிங் மட்டும் அவங்கவங்க செலவு. தனியா வாங்க ரெண்டு வருஷம் ஆகற செட், ஒரே மாசத்துல ரெடி. டூர் போறப்ப யார் முதல்ல எடுக்கறதுன்னு சண்டை வரும். அதுக்கு நான் பொறுப்பில்லை!

இந்த வார ஹோம்வொர்க்

பர்ஸைத் திறக்காதீங்க. கம்ப்யூட்டரைத் திறங்க. நீங்க இதுவரை எடுத்த நிலக்காட்சிகளில் நூறு படம் எடுத்துக்கோங்க. ஒரு தாளில் மூணு கட்டம் போடுங்க. தொடுவானம் நேர்கோடா இருந்தா முதல் கட்டம். மரம், மலை, கோபுரம் துருத்திக்கிட்டு இருந்தா ரெண்டாவது. வானமே முக்கியமில்லாத படம்னா மூணாவது. முதல் கட்டம் நிரம்பினா ஹார்டு. ரெண்டாவது நிரம்பினா சாஃப்ட். மூணாவது நிரம்பி வழிஞ்சா, வாழ்த்துகள்... உங்க காசு மிச்சம்!

அடுத்த வாரம்: காத்துல ஆடாத ட்ரைபாடை எப்படிக் கண்டுபிடிக்கறது? கறுப்பு அட்டையோட காத்திருங்க!